இருந்திருந்தா உன் வயசு

கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அம்மாவை ஜுரத்துக்குப் பறிகொடுத்துவிட்டு, நானும் அப்பாவும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் இரும்படிக்கும் வேலை. வீட்டில் பேச்சும் அப்படித்தான். சம்மட்டி விழுகிற மாதிரி இரண்டு சொல், அப்புறம் அமைதி. சமையல், துவையல் எல்லாம் என் தலையில். நான் எதைப் பொங்கி வைத்தாலும் நல்லது கெட்டது சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. அவர்களும் கூலி வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள்தான். ஆனாலும் ரயில் வேலை ஒரு படி உசத்தி என்ற நினைப்பு. குழாயடியில் என் குடத்தைக் காலால் ஒதுக்கி, "தோட்டத்துக்காரி, நீ கடைசில வா" என்பார்கள். வீட்டுக்கு வந்து, பேசியவளின் முகத்தை அடுப்புக்கரியால் தரையில் போட்டு, பல்லை மட்டும் பெரிதாக்குவேன். அதில் கிடைத்த சுகம் வேறெதிலும் கிடைத்ததில்லை. அப்படித்தான் எனக்குக் கை படிந்தது.

ஒருநாள் உப்புக் கேட்டு வந்த மூன்றாம் வீட்டு அக்கா தரையில் கிடந்த முகத்தைப் பார்த்துவிட்டாள். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அவள் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"செத்துப்போனவங்கள வரைய முடியுமா பாப்பா?" என்றாள்.

அவளுடைய மூத்த மகள் ஏழு வயதில் போய்விட்டாள். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயந்து பிடிக்காமலே இருந்திருக்கிறார்கள். பிடிக்காமலும் குறைந்துவிட்டது. திதிக்கு விளக்கேற்றி வெறும் சுவரைக் கும்பிடுவதாகச் சொன்னாள். "ஆறு வருசமாச்சு. இருந்திருந்தா உன் வயசு."

கண் யாரைப் போல என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ஐந்து வயதுச் சின்ன மகளைக் காட்டி, "இவளாட்டம்" என்றாள். மூக்கு? இவளாட்டம். நெற்றி? அதுவும் இவள்தான். மூத்தவள் செத்த பிறகு பிறந்த பிள்ளை அது. அதைப் பலகையில் உட்காரவைத்து, அசையாமலிருக்கக் கையில் ஒரு பொரியுருண்டையைக் கொடுத்து, இரண்டு வயது கூட்டி அட்டையில் வரைந்தேன். முடித்ததும் அந்த அக்கா அட்டையை மார்போடு அணைத்து, "வந்துட்டியாடி" என்றாள். எனக்கு முதுகு சில்லிட்டது. பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அதன் பிறகு என் பாடு மாறிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் முகமில்லாமல் போனவர்கள் இருந்தார்கள். தங்கையின் மூக்கு, மகனின் தாடை என்று உயிரோடு இருப்பவர்களிடமிருந்து எடுத்து எடுத்துச் செத்தவர்களைச் சேர்த்தேன். குழாயடியில், "படம் போடுற பொண்ணு வருது, வழி விடுங்க" என்றார்கள். நான் தலையை நிமிர்த்தி நடக்கப் பழகியது அந்த இரண்டு வருஷத்தில்தான்.

ஆனால் மூன்றாம் வீட்டுச் சின்னவள் வளர்ந்துகொண்டிருந்தாள். இரண்டு வயது கூட்டி வரைந்திருந்தேன் அல்லவா? ஏழு வயதானபோது அச்சு அசல் அந்தப் படமாகவே ஆகிவிட்டாள். சுவரில் மாலைக்கும் குங்குமத்துக்கும் நடுவிலிருந்து அவள் பார்ப்பாள். கீழே உட்கார்ந்து அவளே சோறும் சாப்பிடுவாள். வந்து போகிறவர்கள் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். உயிரோடு இருக்கிற முகத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? எனக்கு அந்த வீட்டுக்குள் நுழையவே கால் கூசியது.

அவளுக்கு ஜுரம் வந்தது. இரண்டாம் நாள் கண் திறக்கவில்லை. அக்கா படத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ரெண்டாவதையும் நீ செவுத்துல ஏத்திட்டியேடி. எறக்கு! எம்புள்ளய எறக்கு!"

தெருவே வெளியில் வந்து நின்றது. அன்று காலைவரை வழிவிட்டவர்களில் யாரும் ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. அவர்கள் என் கண்ணில் படவில்லை. பலகையில் பொரியுருண்டையோடு உட்கார்ந்திருந்த பிள்ளைதான் தெரிந்தது. நான் கொன்றுவிட்டேன் என்றே நம்பினேன்.

தோட்டத்திலிருந்து கொண்டுவந்த காய்ந்த ரப்பர் பாலை உருட்டி வைத்திருந்தேன். கோடு தப்பினால் அதால்தான் அழிப்பேன். முதலில் கண்ணை அழித்தேன், பிறகு வாயை. மூக்கை அழிக்கும்போது அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "மூத்தவ எங்கடி போவா? மறுபடி வெறுஞ்செவுரா?" என்று அழுதாள்.

யாரிடமிருந்து எடுப்பது? எந்த முகத்தைத் தொட்டாலும் அது யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை. தகரப்பெட்டி மேலிருந்த உடைந்த கண்ணாடியை எடுத்துச் சுவரில் சாய்த்தேன். என் கண், என் மூக்கு, தூக்கலான என் மேல்பல் என்று ஒவ்வொன்றாக இறக்கினேன். பயந்தேன், ஆனால் நிறுத்தவில்லை.

பாதியில் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "வேணாண்டி, உனக்கு ஆகாது" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். முடிந்ததும் படத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் ஜுரம் இறங்கியது. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தின் வேலை என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டில் சாம்பிராணி வாசம் வந்தால் என் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். படுத்தால் கழுத்தில் பூ கனக்கும். யாரும் அதன் பிறகு என்னை வரையக் கூப்பிடவில்லை.

திதிக்கு முதல்நாள் அக்கா வந்தாள். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு என்ன புடிக்கும்?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டு வெகுகாலமாகிவிட்டது. யோசித்துத்தான் சொன்னேன்: மரவள்ளிக்கிழங்கு அவித்து, தேங்காய் துருவிப் போட்டு, மேலே கொஞ்சம் சர்க்கரை. அம்மா செய்வது.

மறுநாள் அதையே செய்து, மாலை போட்ட என் முகத்துக்கு முன்னால் இலை விரித்துப் படைத்தாள். சின்னவள் என் மடியில் உட்கார்ந்திருந்தாள். சூடம் அணைந்ததும் அக்கா அந்த இலையை எடுத்து என் முன்னால் வைத்து, "சாப்பிடும்மா" என்றாள். அது செத்துப்போன எனக்குச் சமைத்தது என்று தெரிந்தும், இலையில் ஒரு துருவல் விடாமல் வழித்துச் சாப்பிட்டேன்.