முறைக்காவல் நாளில் புறப்பட்ட சுற்றுலா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் ஆண்டு மார்கழி விடுமுறை. நெடுங்கேணியில் ஒரு பாடசாலையில் அப்போது நான் வரலாறு கற்பித்து வந்தேன். பெற்றோர் சங்கத்தார் மூன்று நாட் சுற்றுலாவுக்கு ஆயத்தமாயினர். அநுராதபுரத்தில் ஒரு மடத்திலே தங்கி, ஒருநாள் மிகிந்தலைக்கும் மறுநாள் பொலன்னறுவைக்கும் போய்த் திரும்புவதாக எண்ணம். திட்டம் வகுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். மன்னர் வரிசை, கட்டடக்கலை, கல்வெட்டுச் செய்தி என்று பதினொரு பக்கங்கள் எழுதினேன். அந்நகரங்களை நூல்களிலன்றி நேரில் கண்டதில்லை என்பதை மட்டும் எவரிடமும் சொல்லவில்லை.

கூட்டத்தில் நான் முதற் பக்கத்தை வாசித்து முடிக்குமுன்பே பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி எழுந்தது.

“பொலன்னறுவையில எங்கை அண்ணை அடுப்பு மூட்டலாம்?”

கேள்வி எனக்கன்று. எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்து, எங்கள் ஊரில் காடு வெட்டி வயல் செய்துகொண்டிருந்த ஒருவருக்கு. திருமணத்துக்கு முன் அவர் பொலன்னறுவைச் சிதைவுகளிடையே புல் வெட்டும் வேலை பார்த்தவராம். கலண்டர்த் தாளொன்றின் பின்புறத்தில் அவர் வரைபடம் வரையத் தொடங்கினார். அடுப்பு மூட்ட இடம், குளிக்கத் துறை, பெண்கள் ஒதுங்க வசதி எல்லாம் அதில் ஏறின. கதிரைகள் ஒவ்வொன்றாய் அவர் பக்கம் நகர்ந்தன.

“மாஸ்ரர், உங்கட ராசாமாரை பஸ்ஸுக்குள்ள பாப்பம். அவையள் எங்கையும் ஓடமாட்டினம்!” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆனால் நெஞ்சு எரிந்தது. பட்டம் பெற்றவன் நான்; புல் வெட்டியவர் அவர். அவ்வெண்ணத்தை இன்று எழுதவே கூசுகிறது.

அவர் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். பொலன்னறுவையிலுள்ள கற்றளியான சிவன் கோயிலுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். கிழக்கு வெயில் கருவறைக்குள் விழும்போது பார்க்க வேண்டும்.

“எங்க வீட்டுக்காரிகிட்ட கல்யாணத்தன்னைக்கே சொன்னதுங்க, கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்னு. இப்பதான் வாய்ச்சிருக்கு.”

யானைகள் வயலில் இறங்காதிருக்க, விதைப்பு முடிந்ததும் வயற்காரர் முறைவைத்துக் காவலிருப்பது எங்கள் ஊர் வழக்கம். முறை அட்டவணை கூட்டுறவுச் சங்கக் கடைச் சுவரில் தொங்கும். வயலில்லாத எனக்கு முறையுமில்லை. அதை நான் வாசித்ததுமில்லை. மறுநாள் போய் நின்று வாசித்தேன். விடுமுறையின் இரண்டாம் வாரத்தில் மூன்று நாள்கள் அவருடைய முறை. அடுத்த கூட்டத்தில், “மழை சற்று ஓயட்டும்” என்று கூறி, முதல் வாரத்துக்குக் குறித்திருந்த பயணத்தை அந்நாள்களுக்கே மாற்றினேன். முறை மாற்றிக்கொள்ளக்கூடிய ஆண்களெல்லாம் எங்களோடு வருபவர்கள். அவருக்கு மாற்றாள் கிடைக்கவில்லை.

புறப்படும் நாளில் அவர் தம் மனைவியைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். கலண்டர்த் தாளை அந்த அம்மாவின் கையில் கொடுத்து, எனக்கும் கையசைத்தார். புளியங்குளம் தாண்டுமுன்பே, பெண்களெல்லாம் அத்தாளைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். ஆளை விட்டுவந்தும் அவர் கையெழுத்து என்னை வென்றுகொண்டிருந்தது.

என் திட்டப்படி சிவன் கோயில் பிற்பகலில், கடைசியில் இருந்தது. ஒருவரும் அத்திட்டத்தைப் பொருட்படுத்தவில்லை. பொலன்னறுவைக்குப் போகும் நாளில் கோழி கூவுமுன் மடத்தை விட்டுப் புறப்பட்டோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, வெயில் வாயிற்படியேறிக் கருவறைக்குள் நுழைந்து இலிங்கத்தின் மீது விழுந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் கைகூப்பினோம். அந்த அம்மா கைகூப்பவில்லை. தமக்கு இடப்புறத்தில் ஒருவர் நிற்குமளவு இடம் விட்டு, ஒதுங்கி நின்றார்.

வெளியே வந்ததும் என்னருகே வந்தார்.

“ஐயா, நீங்க எழுதினதைக் கொஞ்சம் வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

“இப்போது எதற்கம்மா?”

“அவருதாங்க சொல்லிவிட்டாரு. ‘மாஸ்டர் பாவம், கஷ்டப்பட்டு எழுதியிருக்காரு, யாருமே கேக்கல, நீயாவது வாசிக்கச் சொல்லு’ன்னு.” சற்று நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார். “காவல் அட்டவணை எழுதினதே அவருதாங்க. நீங்க சங்கக் கடையில நின்னு அதைப் பார்த்ததையும் கண்டிருக்காரு. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு.”

அந்த அம்மாவின் முகத்தில் கோபம் தேடினேன்; இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தாள்களை எடுத்து வாசித்தேன். இரண்டாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். மரநிழலிற் கூடியிருந்தவர்கள் பயணக்களைப்பு என்றெண்ணித் தண்ணீர் தந்தார்கள்.

ஊர் திரும்பியதும் அவர் வயலுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். “அதை விடுங்க மாஸ்டர். வெயில் உள்ள விழுந்துச்சா?” என்று மட்டும் கேட்டார். விழுந்தது என்றேன். அடுத்த மார்கழியில் இருவரையும் நானே அழைத்துச் செல்வதாக வாக்களித்தேன். அவ்வாண்டு அமையவில்லை. பின்னர் நாட்டு நிலைமை எங்களை அத்திசைக்கே விடவில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து அவ்வாயிலில் நிற்கவேயில்லை.

அப்பதினொரு பக்கங்களை எப்போதோ தொலைத்துவிட்டேன். ஆனால், தமக்கு மறுக்கப்பட்ட காலை வெயிலை, மறுத்தவனிடமே ஆவலோடு விசாரிக்க முடிந்த அம்மனிதர்மீது எனக்குள்ள பொறாமை மட்டும் இன்றுவரை தணியவில்லை.