மூலைத் தூண்

சம்மட்டி மேஸ்திரி கையை ஓங்கிய பிறகுதான் காரணம் யோசிப்பார். இருபத்தெட்டு வருஷமாக வீடு கட்டுகிறார். அவரிடம் அடி வாங்காத கொத்தனார் என்றால் அவரிடம் வேலை பார்க்காத கொத்தனார் என்று அர்த்தம். மண் கலந்த மணலை இறக்கிய லாரி டிரைவரை அந்த மணலிலேயே குப்புறத் தள்ளி முகத்தைத் தேய்த்திருக்கிறார். ஆனால் அவர் எழுப்பிய சுவர் ஒரு நூல் பிசகாது. கெட்டிக்காரன் என்றால் எதையும் மன்னித்துவிடுகிற கெட்ட பழக்கம் ஊருக்கு உண்டே, அப்படித்தான் அவருடைய பிழைப்பு ஓடியது.

மனைவியை மட்டும் அவர் தொட்டதில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு. அதற்கும் சேர்த்து அவளுடைய தம்பி வாங்கிக்கொண்டான். தம்பி தச்சு வேலை செய்கிறவன். தாய் இல்லாமல் அக்கா இடுப்பிலேயே வளர்ந்தவன். போன வருஷம் ஒரு ஜன்னல் நிலை அரை அங்குலம் சாய்ந்துவிட்டதென்று மேஸ்திரி மரச்சட்டத்தால் அவன் மண்டையைப் பிளந்தார். ஆறு தையல். அன்றைக்கு அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை.

"இன்னொரு தடவை என் தம்பி மேல கை வைச்சீங்கன்னா, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்றாள்.

சொன்னால் செய்கிறவள். அம்மாவை அடித்தார் என்பதற்காகப் பெற்ற அப்பாவோடு ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தவள். வாயைத் திறந்தால் கை தானாக எழும்பும் என்று தன்னைப் பற்றி மேஸ்திரிக்கே தெரியும். அதனால் மச்சானிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். ஒரே வேலையிடத்தில் இருந்தாலும், சொல்லவேண்டியதை வேறு ஆள் மூலம் சொல்லி அனுப்புவார். பதினோரு மாதம் இப்படியே போயிற்று.

இப்போதெல்லாம் கொஞ்சம் வசதியானவர்கள் பழைய பாணியில் புது வீடு கேட்கிறார்கள். வெயிலுக்குக் குளிர்ச்சியாக நடுவில் முற்றம், சுற்றிலும் ஓட்டுச் சரிவு, இடித்த வீடுகளிலிருந்து தேடிப் பிடித்த மரத்தூண்கள். பெரும்பாலும் அந்தத் தூண்கள் அழகுக்குத்தான். பாரத்தை மேலே இருக்கிற கான்கிரீட் தாங்கும். தூண் கீழே ஆப்பு வைத்துச் சும்மா நிற்கும். மச்சான் ஒன்பது வீடுகளில் அப்படித்தான் நிறுத்தியிருந்தான். வேண்டுமென்றால் ஆப்பைத் தட்டி உருவி, பாலிஷ் போட்டு, திரும்பவும் செருகிவிடுவான்.

பத்தாவது வீட்டை வரைந்த இன்ஜினியர் அம்மா பொம்மைத் தூண் வேண்டாமென்று ஒற்றைக் காலில் நின்றார். முற்றத்தைச் சுற்றிக் கான்கிரீட்டே கிடையாது. உத்தரமும் ஓடும் அத்தனையும் தூண்மேல்தான். மச்சான் வேறு வேலைக்குப் போயிருந்த வாரத்தில் அந்தக் கூரையை மேஸ்திரி ஏற்றி முடித்தார். அவன் திரும்பி வந்ததும் அவர் முதலில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது. யாராவது சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிட்டார்.

ஒரு மத்தியானம் வீட்டுக்காரர் வந்து, மூலைத் தூணின் பூ வேலைப்பாடு சுவரைப் பார்த்து இருக்கிறது, முற்றத்துப் பக்கம் திருப்பிவிடுங்கள் என்றார். அஞ்சு நிமிஷ வேலை சார் என்று சொல்லிவிட்டு மச்சான் உத்தரத்துக்கு அடியில் குந்தி ஆப்பைத் தட்டினான். எதிர்ப்பக்கம் தரைக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி நிமிர்ந்தபோது இரண்டாவது அடி விழுந்தது. கல் அறுக்கிற மிஷின் சத்தத்தில் கத்தினால் கேட்காது. ஓடினார். ஓடிய வேகத்தில் அவன் தோளில் ஓங்கி உதைத்தார். அவன் முற்றத்தில் போய் விழவும் தூண் வழுக்கி உத்தரம் இறங்கவும் சரியாக இருந்தது. அவன் குந்தியிருந்த இடத்தில் அந்த மூலையின் ஓடெல்லாம் கொட்டியது. ஒரு சில்லு மேஸ்திரியின் முதுகைக் கிழித்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடலாம். அவர் நிறுத்தவில்லை. அடக்கி வைத்த பதினோரு மாதமும் அந்தக் கையில் இருந்தது. கீழே கிடந்தவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து முகத்தில் மூன்று குத்து விட்டார். பல் தெறித்து, உதடு கிழிந்து, ரத்தம் கழுத்து வரை வழிந்தது. இன்ஜினியர் அம்மாவும் இரண்டு கொத்தனார்களும் சேர்ந்து இழுத்த பிறகுதான் எழுந்தார்.

ஆஸ்பத்திரிக்கு அவள் ஓடி வந்தாள். அத்தான் இல்லையென்றால் இன்றைக்கு நான் பொணம் என்று தம்பியே சொன்னான். கொத்தனார்களும் அதையே சொன்னார்கள். மூன்று குத்தை எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி விழுங்கிவிட்டார்கள். முதுகில் கட்டோடு நின்ற மேஸ்திரிக்கு உயிர் வந்தது. அவள் தம்பியின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"தோள்ல உதைச்சீங்க, சரி. வாய் எப்படிக் கிழிஞ்சது?"

ஓடு பட்டிருக்கும் என்றான் தம்பி அவசரமாக. மேஸ்திரி தலையை ஆட்டினால் போதும். ஆட்டத்தான் நினைத்தார். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை.

"அந்தத் தூண் பாரம் தாங்குதுன்னு இவன்கிட்ட நான் சொல்லல. உதைச்சது காப்பாத்த. அப்புறம் மூணு குத்து விட்டேன். அப்ப இவனுக்கு ஒரு ஆபத்தும் இல்ல."

அவள் இரண்டு கையையும் கூப்பி அவரைக் கும்பிட்டாள்.

"இது உதைச்சதுக்கு" என்றாள். "குத்தினதுக்கு, நான் இவன்கூடப் போறேன்."

தம்பியின் உதை படாத பக்கத்துக் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.