மணல்மேட்டில் செவலை

நேற்று ஹட்டன் சந்தையில் மன்னார்க் கருவாட்டு மூட்டையை அவிழ்த்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கடல் நினைவு வரவில்லை. எங்கள் நாய் செவலையின் நினைவுதான் வந்தது. வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்லலாம்.

அப்போது மகளுக்கு மூன்று வயது. என் கணவரோடு எங்கள் மலைத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் படிப்பித்த மன்னார் ஆசிரியர், விடுமுறைக்குத் தன் வீட்டுக்கு எங்களை அழைத்தார். செவலையை விட்டு வரமாட்டேன் என்று மகள் அழுததால் அதுவும் ரயிலேறியது. நான் மறக்காமல் கம்பளிகளைக் கட்டி எடுத்துப்போனேன். மூட்டையைப் பிரித்ததும் ஆசிரியரின் மனைவி திகைத்துப்போனார்.

"இந்த வெயிலுக்குக் கம்பளியோ தங்கச்சி? ஆருக்கு, நாய்க்கோ?"

"பிள்ளைக்குச் சளி புடிச்சிரும்னு கொண்டாந்தேங்க அக்கா" என்றேன். வீடே சிரித்தது. அதன் பிறகு நான் அதிகம் வாய் திறக்கவில்லை.

ஆசிரியர் ஊரைச் சுற்றிக்காட்டினார். கோட்டை, பருத்த பெருக்குமரம், மற்றதெல்லாம் மணல். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மகள் காலில் முள் குத்துமோ என்று நான் குனிந்தே நடந்ததால், செவலை கண்ட ஊரைத்தான் நானும் கண்டேன். அந்த ஊரில் கோட்டை இல்லை, அதன் நிழல் மட்டும் இருந்தது. கழுதைகளுக்குக் கால்கள் மட்டுமே. மாடா குதிரையா என்று தெரியாமல் செவலை என் சேலைக்குப் பின்னால் பதுங்கியது. சுடுமணலில் பாதங்களை மாற்றி மாற்றித் தூக்கியது. புல்லைத் தேடி மோந்து, மணலை இழுத்துத் தும்மியது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தது. எப்போது வீட்டுக்கு என்று கேட்பதுபோல் இருந்தது. எனக்கும் அதே கேள்விதான், கேட்கத்தான் ஆளில்லை.

திரும்பும் நாள் விடியலில் எங்கோ கோயிலில் பறை முழங்கியது. எழுந்து பார்த்தால் செவலையைக் காணோம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தோட்டத்தில் விடியற்காலை தப்புப் பறை அடித்துத்தான் ஆட்களை வேலைக்கு அழைப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் செவலை கொழுந்து பறிப்பவர்களோடு மலையேறிவிடும். வேலை விடும்வரை உச்சியிலேயே கிடக்கும்.

"நாய்க்காக ரயில விட முடியுமா? இங்கேயே வளரட்டும்" என்றார் கணவர்.

"அத நீங்களே பிள்ளைகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவரிடம் அப்படிப் பேசியது எனக்கே வியப்பாக இருந்தது.

அந்த ஊரில் இருந்த ஒரே உயரம் கடற்கரை மணல்மேடு. அதன் உச்சியில் செவலை நாக்கைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்தது. கூடைக்காரப் பெண்கள் ஏறி வருவார்கள் என்று கீழேயே பார்த்துக்கொண்டிருந்தது. கெஞ்சினேன், திட்டினேன். அசையவில்லை. ரயில் நேரம் நெருங்கியது. கடைசியில் கங்காணியைப்போல் கையை வாயில் குவித்து, "வேலை விட்டாச்சு! எல்லாரும் எறங்குங்க!" என்று கத்தினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் நான் யாரைச் சொல்கிறேன் என்று சுற்றிப் பார்த்தார். செவலை எழுந்து உடம்பை உதறிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கியது.

ரயில் கிடைத்தது.

செவலை இறந்ததும் மேல்மலையில் தேயிலைச் செடிகளுக்கிடையே புதைத்தோம். பிறகு அங்கே பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக் கன்று நட்டார்கள். பாதையே மாறிவிட்டது. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது, "அம்மா, செவலை எங்க இருக்கு?" என்று மகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஒரு கன்றைக் காட்டினேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.