பந்த் அன்று நெய்யாறு அணைக்கு

சைக்கிள் இறக்கத்தில் மிதிக்காமல் ஓடும்போது பின்சக்கரம் 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் போடும். மற்ற நாட்களில் பஸ்ஸும் ஜீப்பும் அதைக் கேட்கவிடாது. பந்த் நாளில் மட்டும் அந்தச் சத்தம் ரப்பர் தோட்டத்துக்குள் போய் உலாவிவிட்டுத் திரும்பி வரும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதக் காலையில், கொல்லயிலில் இருந்து காரக்கோணம் ரோட்டில், முன்னால் அப்பாவின் உயரமான கறுப்புச் சைக்கிளும் பின்னால் என் சிவப்பு லேடீஸ் சைக்கிளுமாக அந்தச் சத்தத்தை எழுப்பிக்கொண்டு நாங்கள் போனோம். எனக்குப் பதின்மூன்று வயது. சாயங்காலம் வீடு திரும்பும்போது நான் நாகர்கோவில் போர்டிங்குக்குப் போகிறேனா இல்லையா என்பது முடிவாகிவிடும்.

விஷயம் இதுதான். ஏழாம் வகுப்பு முடிந்துவிட்டது, இனி பாறசாலை ஹைஸ்கூல். காலைப் பஸ்ஸில் படியில் தொங்குவதற்கே அடிதடி. அம்மா தானும் தன் தங்கைகளும் படித்த போர்டிங்கில் என்னைச் சேர்த்துவிடத் துடித்தாள். தகரப்பெட்டியும் காலை மணியும் இல்லாமல் ஒரு பெண்பிள்ளை உருப்பட முடியும் என்று அவள் நம்பவில்லை. எனக்கோ பெரியப்பா மகள் கல்யாணமாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன அந்தச் சிவப்புச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போக வேண்டும். "பாறசாலைக்கு எத்தன கேற்றம் உண்டுன்னு தெரியுமா? ரெண்டு நாளு சவுட்டும், மூணாவது நாளு காய்ச்சல்னு கெடக்கும்" என்றாள் அம்மா. எங்கள் ஊரில் ஏற்றம் 'கேற்றம்', சைக்கிளை மிதிப்பது 'சவுட்டு'.

காரக்கோணத்தில் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வேலை பார்த்த அப்பா, தினமும் சைக்கிளில் போய்வருகிறவர், என் பக்கம் சாய்ந்தார். "நெய்யாறு டேம் வர போயிட்டு வந்தா போருமா?" என்று கேட்டுவிட்டார். அம்மா விடுவாளா? "போனா மட்டும் போராது. அந்தச் சைக்கிள்லயே சவுட்டித் திரும்பி வரணும். எவனாவது ஜீப்புல ஏத்தீட்டு வந்தா அண்ணைக்கே பெட்டி கெட்டிருவேன், ஆமா." லாரி பயம் இல்லை என்று அப்பா பந்த் நாளைத் தேர்ந்தெடுத்தார். ஜீப் ஓடாது என்பதால் அம்மாவுக்கும் அந்த நாள் ரொம்பப் பிடித்திருந்தது.

அம்மா புட்டும் பயறும் வாழையிலையில் பொதிந்து கொடுத்தாள். அப்பா வாங்கவில்லை. "பொதி சுமந்துட்டு எதுக்கு? திரும்பி வரும்போ பனச்சமூட்டுல பொறோட்டா தின்னலாம்." எல்லையோரம் பிறந்தவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. கேரளத்தில் பந்த் என்றால் நாங்கள் பனச்சமூட்டில் ரோட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக் கடையில் சாயா குடிப்போம். அங்கே கடையடைப்பு என்றால் அவர்கள் இங்கே வருவார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு நடுவில் கிடந்து அவதிப்படுவதற்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான். ஒரு தண்ணீர்ப் பாட்டிலோடு கிளம்பிவிட்டோம்.

என்ன ஒரு காலை அது! ரோடு முழுக்க எனக்கே எனக்கு. இடது ஓரத்தில் இருந்து வலது ஓரத்துக்கும் அங்கிருந்து இங்கேயும் பாம்பு போல வளைந்து ஓட்டினேன், கேட்க ஆளில்லை. பூட்டிய கடைகளின் முன்னால் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த ஆண்கள் தலையைத் தூக்கி, "எங்க போற மோளே?" என்று மலையாளத்திலும் தமிழிலுமாகக் கேட்க, "டேமுக்கு!" என்று கத்திவிட்டுப் பறந்தேன். வெள்ளறடை தாண்டியதும் குரிசுமலை ஒரு பக்கம் எழுந்து நின்றது. கேற்றங்கள் தொடங்கின. தொடை எரிந்தது, வியர்வை கண்ணில் இறங்கியது. "மேல பாக்காத மக்களே, முன்வீலப் பாரு. ரோடு தானா வரும்" என்பார் அப்பா. ஒற்றைப் பிள்ளையையும் செல்லமாக 'மக்களே' என்றுதான் எங்கள் ஊரில் கூப்பிடுவார்கள். நானும் சக்கரத்தையே பார்த்துச் சவுட்டினேன். தாகம் எடுத்தபோது ரோட்டோரக் கொல்லாம்பழத்தை, அதாவது முந்திரிப்பழத்தைப் பறித்துச் சாறு உறிஞ்சினோம். தொண்டை கமறியது, சட்டையெல்லாம் கறை.

பிறகு ஒரு வளைவு திரும்பியதும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீர்! மலைகளின் இடுக்கில் எல்லாம் புகுந்து, சின்னச் சின்னத் தீவுகளைச் சுற்றிக்கொண்டு, பார்வை எட்டும் மட்டும் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். மேகத்தின் நிழல் ஒன்று அதன் மேல் நடந்து போய் எதிர்மலையில் ஏறியது. நான் சைக்கிளில் இருந்தபடியே வாய்விட்டுக் கூவினேன். அணையின் மேல் ஒரு சுற்றுலாக்காரர்கூட இல்லை, படகுகள் கட்டிக் கிடந்தன. அப்போது நீருக்கு அப்பால் இருந்த சிங்கப் பூங்காவில் இருந்து ஒரு கர்ஜனை கிளம்பி, தண்ணீரின் மேலாக உருண்டு வந்து என் வயிற்றுக்குள் அதிர்ந்தது. நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அதுக்குப் பந்த் இல்ல, கேட்டியா?" என்றார் அப்பா. அந்த ஏரிக்கரையில் நின்ற நேரம் போல நான் சந்தோஷமாக இருந்த நேரங்கள் அதற்குப் பிறகும் அதிகம் இல்லை.

திரும்பும்போதுதான் பசி தெரிந்தது. பனச்சமூடு, பொறோட்டா என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லியே சவுட்டினேன். எங்கள் பக்கக் கடைகள் எதிர்பார்த்தபடியே மூடியிருந்தன. கம்பீரமாக ரோட்டைத் தாண்டினோம். அந்தப் பக்கமும் எல்லாக் கடையும் மூடியிருந்தது! பெஞ்சில் படுத்திருந்த கடைக்காரர் எங்கள் முழியைப் பார்த்து எழுந்து உட்கார்ந்து சிரித்தார். "இங்கயும் இண்ணைக்குக் கடையடைப்பாக்கும் அண்ணே. ரெண்டு சர்க்காரும் ஒத்துக்கிட்ட நாளப் பாத்துத்தான் வந்து சேர்ந்திருக்கீங்க." அப்பாவின் முகம் போன போக்கை நான் இன்றும் வீட்டில் நடித்துக் காட்டுவதுண்டு. கடைக்காரர் பின்வாசல் வழியாகப் போய் நாலைந்து மட்டி வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் எங்கள் மத்தியானச் சாப்பாடு.

காரக்கோணம் தாண்டி, வீட்டுக்கு இன்னும் இரண்டு பெரிய கேற்றம் மிச்சம் இருந்த இடத்தில், "ஐயோ" என்று அப்பா இறங்கிக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தசை பிடித்துக்கொண்டதாம், அசைக்க முடியவில்லையாம். நான் பயந்துபோனேன். அந்த நேரம் பார்த்து, பந்த் நாளிலும் ஓடும் ஆஸ்பத்திரி ஜீப் ஒன்று வந்து நின்றது. டிரைவர் அப்பாவுக்குத் தெரிந்தவர். "ரெண்டு பேரும் ஏறுங்க, சைக்கிளப் பின்னால போடலாம்" என்றார். எனக்குத் தகரப்பெட்டி கண்ணில் தெரிந்தது. அப்பா என்னைப் பார்த்து, "நீ சொல்லு மக்களே" என்றார்.

"உங்க சைக்கிள் ஜீப்புல போகட்டும். நீங்க என் பின்னால இருங்க" என்றேன்.

அப்பா ஒல்லிதான். ஆனாலும் கேரியரில் அவர் உட்கார்ந்ததும் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு நின்றது. முதல் கேற்றத்தில் எழுந்து நின்று சவுட்டினேன். இரண்டாவதில் அழுதுகொண்டே சவுட்டினேன். வீட்டு வாசல்களில் நின்றவர்கள் சிரித்தார்கள், சிலர் கை தட்டினார்கள். ஓர் இடத்திலும் காலை ஊன்றவில்லை, சத்தியமாக. எங்கள் வாசலில் நின்ற அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என்னையும் நொண்டிக்கொண்டு இறங்கிய அப்பாவையும் மேலும் கீழும் பார்த்தாள். "இவர வேணும்னா போர்டிங்குல சேத்திரலாம்" என்று சொல்லிவிட்டு எண்ணெய் எடுக்க உள்ளே போனாள்.

மூன்று வருடம் அந்தச் சிவப்புச் சைக்கிளில்தான் பாறசாலைக்குப் போனேன். இப்போது அந்தக் கேற்றங்களையே வெட்டித் தாழ்த்திவிட்டார்கள். காரில் போனால் கியர் மாற்றக்கூடத் தேவையில்லை. பிள்ளைகள் வேனில் போகிறார்கள். கடையடைப்பு நாளிலும் பைக்குகள் ஓய்வதில்லை, பின்சக்கரத்தின் சத்தமும் கேட்பதில்லை. அப்பாவும் போய்விட்டார்.

போன மாதம் விடுமுறைக்கு வந்த என் மகளுக்கு இந்தக் கதையை வழக்கமான பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த அம்மா மெல்லச் சொன்னாள்: "சைக்கிள்ல இருந்து எறங்கும்போ வலத்த காலு நொண்டினாரு. எண்ண தேய்க்கப் போனா எடத்த காலத் தூக்கி நீட்டினாரு ஒங்க அப்பா."

"பின்ன எதுக்கும்மா என்னப் போர்டிங்குல சேக்காம விட்டீங்க?" என்று கேட்டேன்.

"அவருக்க காலு பொய்யி. நீ சவுட்டினது பொய்யா மக்களே?"

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. போய்ச் சண்டை போடுவதற்கு அவர் இல்லை.