ஜமுனாமரத்தூரில் சொன்ன பொய்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் டைப்பிஸ்டாக இருந்தேன். அவர் பழைய கொள்கைக்காரர். தனியார் நிதிக் கம்பெனிகளின் கணக்கை அதிகாரிகள் சோதிக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது சட்டசபையில் எதிர்த்துப் பேசினார். கம்பெனி மூழ்கினால் பொதுப்பணத்தைக் கொடுத்துத் தூக்கிவிடவும் கூடாது, போடுகிறவன்தான் பார்த்துப் போட வேண்டும் என்பார். அந்தப் பேச்சை டைப் அடித்தவன் நான்.

அந்த வருஷம் புளி சீசன் முடிந்த கையோடு ஆலங்காயத்தில் ஒரு நிதிக் கம்பெனி ஷட்டரை இறக்கிவிட்டது. புளி விற்க இறங்கி வந்த மலைக்காரர்கள் பலர் அதில் பணம் போட்டிருந்தார்கள். "சர்க்கார் பணம் வராதுன்னு நேர்லயே போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்" என்று எம்.எல்.ஏ. ஜீப்பில் ஏறினார். மலை ஏறும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ஷட்டர் இறங்க நான்கு நாள் இருக்கும்போது, அந்தக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த நண்பன் ரகசியமாகச் சொல்ல, நானும் அதில் போட்டிருந்த பணம் முழுவதையும் எடுத்துவிட்டிருந்தேன். எம்.எல்.ஏ.வுக்கு அது தெரியாது.

மலைமேல் ஜமுனாமரத்தூரில் இறங்கியதும் கூட்டம் சூழ்ந்தது. யாரும் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒருவர் டிரைவரிடம் ஜீப் சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

"சர்க்காரு குடுக்கும்னு சொல்லிட்டுப் போங்க" என்றார்.

சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். எம்.எல்.ஏ. தலையை ஆட்டினார். "குடுக்காது. குடுக்கச் சொல்லி நான் கேக்கவும் மாட்டேன். அது மத்தவங்க கட்டின வரிப்பணம். போடறதுக்கு முன்னால நீங்க விசாரிச்சிருக்கணும்."

"யாராண்ட விசாரிக்கிறதுங்க? எங்களுக்குப் படிக்கவா தெரியும்?" என்று ஒரு பெண் முன்னால் வந்தாள். கையில் மடித்த ரசீது. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். எனக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. பணத்தை வாங்கி நான் அவசரமாகப் பைக்குள் திணித்த அன்று, வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள்.

"இவுரு அன்னிக்கி அங்க இருந்தாரு. எம்.எல்.ஏ. ஆபீசு ஆளே வந்து நிக்கிறாருன்னுதான் நானும் தைரியமா கட்டுனேன்" என்றாள். பிறகு என்னிடம், "நீங்க பணத்த எடுத்துக்கினு போனீங்களா?" என்று கேட்டாள்.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. "இல்லம்மா, கட்டத்தான் வந்தேன். என்னுதும் போச்சு" என்றேன்.

"அய்யோ பாவம், உங்களுதுமா?" என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, சாவி வைத்திருந்தவர் அதை ஜீப்பின் மேல் வைத்துவிட்டு நகர்ந்தார்.

திரும்பும் வழியில், "உன் பணமும் போச்சா? சொல்லவே இல்லியே" என்றார் எம்.எல்.ஏ. உண்மையைச் சொன்னேன். திட்டுவார், வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் என் தோளைத் தட்டினார். "விசாரிச்சே, எடுத்துட்டே. இதத்தானே நான் சபையிலயும் சொன்னேன்."

கூட்டத்துக்கு நடுவில் வராத நடுக்கம் அப்போது வந்தது.

கம்பெனி முதலாளியின் அரிசி மில் சில வருஷம் கழித்து ஏலத்துக்குப் போய், போட்டதில் ஒரு பங்கு மலைக்காரர்களுக்குத் திரும்பியதாகக் கேள்விப்பட்டேன். எம்.எல்.ஏ. கடைசிவரை தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. நான் மலைக்குப் போய்வந்த மூன்றாம் மாதமே வேலையை விட்டுவிட்டுக் கண்ணமங்கலத்தில் ஒரு மரக்கடையில் சேர்ந்தேன். மலைப்பக்கத்துப் பெண் யாராவது கடைக்குள் நுழைந்தால், முகம் தெரியும்வரை எனக்கு மூச்சு வராது.