கால் நீட்ட ஒரு திசை

கீழ்பென்னாத்தூர்ப் பள்ளி ஒன்றில் நான் விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கும்போது முட்டியில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷனும் ஆயிற்று. ஆனால் கால் நேராகவில்லை. மல்லாந்து படுத்தால் முட்டிக்கு அடியில் ஓர் எலி தாராளமாகப் புகுந்து போகும். "வீட்ல ஒழுங்கா செய்றீங்களா மேடம்?" என்று நான் போகும்போதெல்லாம் பிசியோதெரபி பெண் கேட்டாள். "இப்ப நேராகலன்னா அப்புறம் கஷ்டம். ஓடவே முடியாது." ஓட முடியாத விளையாட்டு டீச்சரை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் என்ன செய்யும்?

செய்யத்தான் பார்த்தேன். தரையில் படுத்து, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியைக் கீழே அழுத்த வேண்டும். அவ்வளவுதான். என் அறையில் கட்டிலும் பீரோவும் போக மீதித் தரை கிடையாது. ஹாலில் படுத்தேன்.

"அந்தாண்ட நீட்டாதம்மா, சாமி அலமாரி இருக்கு" என்றார் மாமியார். திரும்பிப் படுத்தேன். "ஐயோ, ஜன்னல்ல மலை தெரியுது பாரு." இந்த ஊரில் மலையும் சாமிதான். மூன்றாவது பக்கம் மாமனார் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் மருமகள் கால் நீட்டினால் எழுந்து வெளியே போய்விடுவார், அன்று முழுக்க வீட்டில் பேச்சிருக்காது. நாலாவது பக்கம் சமையலறை வாசல், அங்கே மாமியாரே நின்றார். தினமும் இதே கூத்து. தினமும் பாதியில் காலை மடக்கிக்கொண்டு எழுந்தேன். எரிச்சலென்றால் அப்படி ஓர் எரிச்சல்.

ஒருநாள் வெடித்துவிட்டேன். "காலைக் கழட்டி ஆணியில மாட்டி வெச்சுடட்டுங்களா அத்தை? நொண்டிக்கிட்டே போனா யாருங்க எனக்கு வேலை குடுப்பாங்க?" கத்திவிட்டு அழுதேன். மாமனார் பேப்பரை இறக்கவே இல்லை.

மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, வாசலை அடைத்தாற்போலத் தரையில் உட்கார்ந்தார்.

"எம்பக்கம் நீட்டு."

எனக்குக் கூசியது. அவரே என் குதிகாலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "எங்க அமுக்கணும்?" என்றார். முட்டிக்குச் சற்று மேலே தொட்டுக் காட்டினேன். இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினார்.

"வலிச்சா சொல்லு."

உயிர் போனது. சொன்னால் காலை இறக்கி வைத்துவிடுவாரோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.