சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்

தூத்துக்குடியிலிருந்து என்னை வளைகுடாவுக்கு அனுப்பிய ஏஜென்ட் அண்ணாச்சி பொய் சொன்னார்.

அங்கே ஒப்பந்தத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். பள்ளி திடீரென்று என்னை நீக்கியது. ஆனால், "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று எழுதித் தந்தால்தான், வாங்கி வைத்திருந்த என் பாஸ்போர்ட்டைத் தருவோம் என்றார்கள். விசா முடியப் போகிறது. பாஸ்போர்ட் இல்லாமல் தெருவில் இறங்கவே பயம். அழுதுகொண்டே அண்ணாச்சிக்கு போன் போட்டேன்.

"எழுதிக் குடுத்துட்டு வாங்க டீச்சர். பாதியில நீக்கினதுக்கு அவன் தரவேண்டிய செட்டில்மென்ட் பணத்த நான் வாங்கித் தாரேன்."

எழுதினேன். ஊருக்கு வந்ததும் நேரே அவர் ஆபீசுக்குப் போனேன். சிரித்தார்.

"நீங்களே வேண்டாம்னு எழுதிட்டியளே! அவன் நீக்கினாத்தான் பணம். நீங்களா விலகினா கெடையாதுல்லா?"

எதிரே நாசரேத்திலிருந்து வந்த ஒரு பெண், பி.எட். சர்டிபிகேட்டோடு உட்கார்ந்திருந்தாள். மெதுவாகக் கேட்டாள்: "அங்கன பாஸ்போர்ட்ட யாரு வச்சிருப்பா அண்ணாச்சி?"

"ஸ்கூல்லதாம்மா. பத்திரமா இருக்கும்."

நான் அவளிடம் பேச வாயெடுத்ததும் அண்ணாச்சி என்னை வெளியே போகச் சொன்னார்.

அதனால் இங்கே எழுதுகிறேன். அண்ணாச்சி, விலகல் கடிதம் கொடுத்தால் பணம் போய்விடும் என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அந்தப் பெண் விமானம் ஏறுவதற்குள் எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.